காதுகுத்துக்குப் புறப்பட்ட படகு

கொட்டாரமேட்டுப் பெரிய ஏரியின் நட்டநடுவில், காலை ஒன்பது இருபதுக்கு, செல்லமுத்துவின் படகிலிருந்த ஆயில் இன்ஜின் மூன்று முறை இருமிவிட்டு நின்றுபோனது. பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது. எதிர்க்கரையில் அய்யனார் கோயில் வாசலில் பந்தல். பந்தலுக்குள் அவன் தங்கை மகள் செங்கமலம் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மாமன் மடிக்காகக் காத்திருந்தாள். அவள் காதில் போட வேண்டிய தோடு செல்லமுத்துவின் சட்டைப்பையில் இருந்தது.

தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்திவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மாமனே இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். அப்புறம் அவள் வயசுக்கு வந்தாலும் சரி, கழுத்து நீட்டினாலும் சரி, செல்லமுத்து தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தங்கை பொன்னாயி முந்தின நாளே கரையில் நின்று, ஏரி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு நீ வரலேன்னா எனக்கு அண்ணனே பொறக்கலேன்னு நெனச்சுக்குவேன். சொல்லிட்டேன்."

தண்ணீர் என்னவோ மார்பளவுதான். வேறு மனிதனாக இருந்தால் வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு இறங்கி நடந்திருப்பான். செல்லமுத்துவால் முடியாது. ஏன் முடியாது என்று சொல்ல மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடலாம், முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

செல்லமுத்துவுக்கும் தங்கை புருஷன் அங்கமுத்துவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கொல்லை, நடுவில் பொதுக் கிணறு. ஆளுக்குப் பாதி போட்டுக் கீழப்பழுவூரிலிருந்து ஓர் ஆயில் இன்ஜினும் பம்பும் வாங்கி வைத்தார்கள். யாருடைய கடலைக்கு முதல் தண்ணீர் என்பதில் எழுபத்தைந்து பங்குனியில் தகராறு வந்தது. பஞ்சாயத்தில் எட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, சாயங்காலம் வரை வெற்றிலை போட்டு, ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். இன்ஜின் செல்லமுத்துவிடம் இருக்கட்டும், பம்பும் குழாயும் அங்கமுத்துவிடம் இருக்கட்டும், சாமான் ரெண்டு பேருக்கும் பொது. இப்படியாக ஒருவனிடம் தண்ணீர் இறைக்காத இன்ஜினும் மற்றவனிடம் ஓடாத பம்பும் போய்ச் சேர்ந்தன. இரண்டு கொல்லையும் காய்ந்தது. எட்டுப் பேரும் நல்ல தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் அங்கமுத்து, "இந்த ஊரு மண்ண மிதிக்கிறதுக்கே ஒனக்கு யோக்கியதை இல்ல" என்று சொல்லிவிட்டான். செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான். "இனிமே மிதிச்சா ஏண்டா மிதிச்சேன்னு கேளு."

அப்படிச் சொன்னவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு நாள் மாமியார் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். செல்லமுத்து அந்த ரகமில்லை. ஊரை விட்டுப் போனால் அங்கமுத்து ஜெயித்ததாகிவிடும், ஊருக்குள் இருந்தால் மண்ணை மிதித்தாக வேண்டும். வயசுப் பையனாக இருந்தபோது நாலு வருஷம் நாகப்பட்டினத்தில் பாய்மரத் தோணிகளில் மூட்டை ஏற்றினவன் அவன். அங்கே போய்ப் பாயும் மரமுமாக ஒரு பழைய படகை வாங்கி, லாரியில் ஏற்றி, அரியலூர் வழியாகக் கொண்டு வந்தான். ரயில்வே கேட்டில் நின்ற ஜனம் திருவிழாத் தெப்பம் என்று நினைத்துக் கும்பிட்டது. லாரி ஏரிக்கரையில் பின்பக்கமாக வந்து நின்றபோது அவன் படகுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான். படகோடு சேர்ந்து அப்படியே தண்ணீருக்குள் சரிந்தான். பொதுவில் இருந்த இன்ஜினையும் ஏற்றிப் பின்பக்கத்தில் கயிற்றால் கட்டி, அடியில் தண்ணீரைத் தள்ள ஒரு விசிறியை மாட்டிக்கொண்டான். கரையில் நின்று பார்த்த அங்கமுத்து, "நானோ என் பொண்டாட்டி புள்ளையோ அந்தப் படகுல காலு வெச்சா என்னன்னு கேளுங்க" என்று தன் பங்குக்கும் ஒன்றைச் சொல்லி வைத்தான்.

மூன்று வருஷமாகக் குடித்தனம் படகில். ஓலைக்கூரை, ஒரு மண்ணடுப்பு, இரண்டு கோழி, மனைவி குஞ்சம்மாள். எழுபத்தாறில் ஏரி வறண்டு படகு தரையில் உட்கார்ந்தது. அடியில் ஆடுகள் வந்து நிழலுக்குப் படுத்தன. செல்லமுத்து இறங்கவில்லை. மூன்று மாதம் கட்டாந்தரையில் நின்ற படகில் இருந்துகொண்டு தினமும் காலையில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். தண்ணீர்க் குடமும் ரேஷன் அரிசியும் விறகும் குஞ்சம்மாள் தலையில்தான் வந்தன.

"சபதம் ஒங்களுது, நடை என்னுது" என்பாள் அவள். வேறொன்றும் சொல்ல மாட்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

எழுபத்தேழு ஐப்பசி மழையில் ஏரி ரொம்பிவிட்டது. பொன்னாயியும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று மாதம் நடந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தாள். படகு அய்யனார் கோயில் கரையை ஒட்டி வந்து நிற்கும். செல்லமுத்து படகின் விளிம்பில் உட்கார்ந்து மடியை மட்டும் கரைப்பக்கம் காட்டுவான். குழந்தையைக் கரையிலிருந்து தூக்கி அந்த மடியில் வைப்பார்கள். மாமன் கால் மண்ணில் படாது, மருமகள் கால் படகில் படாது, ஆசாரி கரையில் நின்றபடியே குத்திவிடலாம். சரிக்குச் சரியான ஏற்பாடு. இன்ஜின் ஓடினால் போதும்.

அந்த இன்ஜின்தான் இப்போது நின்றுவிட்டது.

செல்லமுத்து கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். சுற்றிச் சுற்றித் தோள் கழன்றது. புதுச் சட்டையெல்லாம் டீசல். அந்த இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. அங்கமுத்து கை வைத்தால் முதல் சுற்றிலேயே கிளம்பும், செல்லமுத்து சுற்றினால் யோசிக்கும்.

"அந்த மூங்கில் கழிய எடு, ஊனித் தள்ளிக்கிட்டே போயிடலாம்" என்றான்.

"கழியா?" என்றாள் குஞ்சம்மாள். "பந்தக்காலுக்கு நல்ல மூங்கிலா வேணும்னு பொன்னாயி கேட்டுச்சு. நேத்தே குடுத்துட்டேனே."

அவன் கரையைப் பார்த்தான். அவனுடைய கழி மஞ்சள் குங்குமத்தோடு, உச்சியில் மாவிலை கட்டி, பந்தலின் ஈசான மூலையில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. நட்ட பந்தக்காலை விசேஷம் முடியாமல் எந்தக் கொம்பனும் பிடுங்க முடியாது. படகு போகாமல் விசேஷம் முடியாது.

"துடுப்பு?"

"கார்த்திகை மழையில வெறகெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சே, நீங்ககூட ரசம் நல்லாருக்குன்னு ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சீங்களே, அது துடுப்புல வெச்ச ரசம்."

செல்லமுத்துவுக்குக் கோபம் கண்ணை மறைத்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பாயை விரித்தான். வாடைக்காற்று அதைப் பிடித்துப் படகை நேர் எதிர்த் திசையில், குஞ்சம்மாளின் அம்மா ஊர்ப் பக்கமாக, சந்தோஷமாக இழுத்துக்கொண்டு போனது. குஞ்சம்மாள் தலையை வாரிக்கொண்டாள். அவன் பதறிப்போய்ப் பாயை இறக்குவதற்குள் தண்ணீருக்கடியில் இருந்த ஒரு கருவேல மரத்து மொட்டைக்கட்டையில் படகின் அடிவயிறு ஏறி உட்கார்ந்துகொண்டது.

கரையிலிருந்து நாலு இளவட்டங்கள் நீந்தி வந்து தள்ளினார்கள். படகு ஆட்டுக்கல் குழவி மாதிரி இருந்த இடத்திலேயே சுற்றியது. இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்ஜின் ஓடினால்தான் இது கழலும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மணி ஒன்பதே முக்கால். ஊர்க் கர்ணம் கரையில் கைக்கடிகாரத்தோடு நின்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நேரத்தைக் கூவிக்கொண்டிருந்தார். செல்லமுத்து வாயில் கை குவித்துக் கேட்டான்.

"அய்யா, ஏரிக்குள்ள இருக்குற மண்ணு எந்தக் கணக்குல வருது? சர்க்காரு மண்ணுதானே? நம்ம ஊரு மண்ணு இல்லதானே?"

கர்ணம் இருபது வருஷமாக யாராவது தன்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர். ஆளனுப்பி கிராம வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லி, பந்தலில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு தேங்காய் வைத்துப் பார்த்தார். பார்க்கவே பத்து நிமிஷம் ஆனது.

"தண்ணி சர்க்காரோடது!" என்று கூவினார். "அடியில உள்ள மண்ணு நம்ம ஊரு சர்வே நம்பர்!"

செல்லமுத்து ஒரு காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தான். மேலே எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் பந்தலில் சின்னதுரையைப் பார்த்தான். சின்னதுரை பொன்னாயிக்குச் சித்தப்பா மகன், முறைக்கு அவனும் மாமன்தான். புது வேட்டி கட்டி, தோளில் பட்டுத்துண்டு போட்டு, மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியைத் தயாராக வைத்திருந்தான். அங்கமுத்துவின் முன்யோசனை. செல்லமுத்துவுக்கு மூன்று வருஷத்தில் ஒரு நாளும் வராத அழுகை வந்தது. இந்தப் பாழாய்ப்போன படகை எதற்கு வாங்கினோம் என்று முதல்முறையாக நினைத்தான். நினைத்ததைக் குஞ்சம்மாள் பார்த்துவிடுவாளோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கரையில் பொன்னாயியின் குரல் எழும்பியது.

"ஏங்க, அந்த இன்ஜினு ஒங்க கைக்குத்தான் மசியும். போயி கெளப்பிட்டு வாங்க. சின்னதுரை மடியில எம்புள்ள உக்காந்துச்சுன்னா நான் நீந்திப் போயி எங்கண்ணன் படகுல ஏறிக்குவேன். அப்புறம் நீங்களே சோறாக்கித் தின்னுங்க."

அங்கமுத்து சட்டையைக் கழற்றினான். பொன்னாயி அவன் கழுத்தில் குழந்தையையும் ஏற்றினாள். "இன்ஜினு கெளம்புனா இவள அய்யனாருக்கிட்ட கொண்டாந்துடுங்க. கெளம்பலேன்னா அங்கேயே முடிச்சிடுவோம். ஆசாரியாரே, நீங்களும் எறங்குங்க."

"தாயீ, எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் ஆசாரி.

"மாரளவுதான்."

"யாரு மாரளவு?" என்று கேட்டார் ஆசாரி. ஐந்தடிக்கும் கீழே அவர். இருந்தாலும் ஊசிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் அவர் மோவாயைத் தொட்டது.

அங்கமுத்து படகின் பின்பக்கம் வந்து நின்றான். அவனுக்கும் செல்லமுத்துவுக்கும் நடுவில் இரண்டு முழ தூரம். இருவரும் குஞ்சம்மாளைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

"தங்கச்சி, டீசல் கொழாயில காத்துப் பூந்துருக்கும்னு அந்த ஆளுகிட்ட சொல்லு."

"ஏங்க, காத்துப் பூந்துருக்காம்."

"எனக்குத் தெரியும்னு சொல்லு."

"தெரியுமாம் அண்ணே."

"தெரிஞ்சா ஏன் இப்படி நடு ஏரியில நிக்குறாராம்?"

"என்னங்க, ஏன் நிக்குறீங்களாம்?"

இதற்குச் செல்லமுத்து சொன்ன பதிலைக் குஞ்சம்மாள் கொண்டுசேர்க்கவில்லை. அது தானாகவே போய்ச் சேர்ந்தது.

இன்ஜினில் பாதி தனக்குப் பாத்தியம், ஆகவே அதைத் தொட்டால் படகைத் தொட்டதாகாது என்று அங்கமுத்து பொதுவாக ஏரியைப் பார்த்து அறிவித்தான். குழந்தையைக் கழுத்தில் வைத்தபடியே ஒரு மரையைத் தளர்த்தினான். டீசல் டேங்க்கில் வாய் வைத்து ஊதினான். குழாயில் நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமாக டீசல் வந்தது. மரையை இறுக்கி, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரில் நின்றவாக்கிலேயே கைப்பிடியைச் சுற்றினான். ஒரே சுற்று.

இன்ஜின் கிளம்பியது. கரையில் எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். ஐந்து நிமிஷம் அது உறுமி உறுமிச் சூடேறியும் படகு கழலவில்லை, கட்டையின் மேல் துள்ளியது. மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருந்த கயிறு அந்தத் துள்ளலில் பட்டென்று அறுந்தது. அங்கமுத்து குழந்தையோடு ஒதுங்கினான். நாலு பேர் தூக்கும் அந்த இன்ஜின், ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்பக்கமாகச் சரிந்து நின்றவாக்கில் ஏரிக்குள் இறங்கியது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"பத்து நிமிஷந்தான் இருக்கு!" என்று கூவினார் கர்ணம்.

தண்ணீர் தெளிந்தபோது இன்ஜினின் தலை தெரிந்தது. மேல்மட்டத்துக்குக் கீழே ஒரு முழத்தில், சகதியில் ஆழப் புதைந்து அசையாமல் நின்றது. குஞ்சம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதுமேல உக்காருங்க."

"என்னது?"

"அது ஊரு மண்ணும் இல்ல, படகும் இல்ல. பஞ்சாயத்துல ரெண்டு பேருக்கும் பொதுன்னு சொன்ன சாமான். போயி உக்காருங்க, நேரமாகுது."

செல்லமுத்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இன்ஜின் மேல் இறங்கி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஒரு துள்ளுத் துள்ளினான். இன்ஜின் இன்னும் சுடுசுடுவென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான். கால் தரையில் படாமல் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டான். டீசல் வழுக்கியது. ஒரு பக்கம் சாய்ந்தான், நிமிர்ந்தான், மறுபக்கம் சாய்ந்தான். அங்கமுத்து குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல், பின்பக்கம் போய் இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

செங்கமலம் மாமனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக அவன் தண்ணீருக்கு நடுவில் கையாட்டுகிற ஓர் உருவம். அவன் மீசையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, நீ மீனெல்லாம் பச்சையாத் தின்னுவியாமே?"

"யாருடி சொன்னா?"

"அப்பா."

இடுப்பைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்து, மறுபடியும் இறுகியது. ஆசாரி மோவாயைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். செல்லமுத்து சட்டைப்பையிலிருந்து தோட்டை எடுத்துக் கொடுத்தான். ஊசி ஏறியது. செங்கமலம் வீறிட்டு, கிடைத்த இடத்தில் கடித்தாள். கிடைத்தது மாமனின் தோள். செல்லமுத்துவும் கத்தினான். உடம்பு ஆடியதில் மூவரும் சரியப் பார்த்தார்கள்.

"ஆடாத மச்சான்!" என்றான் அங்கமுத்து.

நேராகச் சொன்னான். நடுவில் யாரும் இல்லை. சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. செல்லமுத்துவுக்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் காதருகில் கேட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"நீங்க புடிக்கிற புடியிலதான் ஆடுது மச்சான்."

"அடுத்த காதக் காட்டுங்கய்யா, தண்ணி வாயில போவுது" என்றார் ஆசாரி.

இரண்டாவது காதும் முடிந்தபோது கர்ணம் பத்து இருபத்தெட்டு என்று கூவினார். கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பொன்னாயியின் குலவை தனியாகக் கேட்டது. செல்லமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு படகில் ஏறத் திரும்பினான். படகு அங்கே இல்லை. இன்ஜின் கனமும் அவன் கனமும் போன பிறகு அது கட்டையிலிருந்து தானாகக் கழன்று, குஞ்சம்மாளோடும் இரண்டு கோழிகளோடும், கோயிலுக்கு எதிர்த்த கரைக்கு முக்கால்வாசி தூரம் போயிருந்தது. அவள் பாயை விரித்து வைத்திருந்தாள்.

"ஏ, எங்கடி போற?"

"எங்கம்மா வூட்டுக்கு!" என்று அவள் குரல் தண்ணீர் மேல் வந்தது. "மூணு வருசமாச்சு! போயிட்டு வரேன்!"

செல்லமுத்து இன்ஜின் மேல் உட்கார்ந்திருந்தான். கீழே ஊர் மண். சுற்றிலும் சர்க்கார் தண்ணீர். பந்தலிலிருந்து கறிக்குழம்பு வாசனை வந்தது.

"இன்ஜினு போனதுக்கு நீதான் காரணம்" என்றான் அங்கமுத்து. "கட்டுக் கட்டத் தெரியல."

"ஓடாம நின்னுச்சுன்னா கட்டு போதும். நீங்க கெளப்புனதாலதான் அறுந்துச்சு."

"சரி, இப்ப என்ன பண்ணப்போற?"

"தெரியல மச்சான்."

அங்கமுத்து குழந்தையை ஆசாரி தலையிலிருந்த பெட்டிக்கு மேல் ஏற்றிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்து, அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டு, தன் கழுத்திலேயே ஏற்றிக்கொண்டான். பிறகு செல்லமுத்துவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"ஏறு."

நாற்பது வயது மனிதன், மீசைக்காரன், நாற்பத்தேழு வயது மச்சான் முதுகில் ஏறினான். அங்கமுத்து நடந்தான். தண்ணீருக்குள் இருந்தவரை ஒன்றுமில்லை. தண்ணீர் இடுப்புக்கு இறங்கியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது, முழங்காலுக்கு இறங்கியதும் வாயால் மூச்சு விட்டான். இருந்தும் கரைச்சரிவில் கால் வைத்தான். செல்லமுத்து அவன் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தான். ஈரச் சரளையில் அங்கமுத்துவின் இரண்டு முட்டியும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. இறக்கி விடட்டுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்கவே மாட்டான் என்று செல்லமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. இப்படியே பந்தல் வரை, வீடு வரை, விழுந்து சாகும்வரை தூக்கிக்கொண்டு நடப்பான் இந்த மனுஷன்.

செல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்க மச்சான்" என்றான். "முட்டி நடுங்குது ஒங்களுக்கு."

வழுக்கி இறங்கினான். முதலில் இடது கால், பிறகு வலது கால். மண் சில்லென்று இருந்தது. மூன்று வருஷமாகத் தட்டையான பலகையில் நடந்து பழகிய கால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தடுமாறியது. ஊர் முழுக்க மூன்று வருஷம் எதைப் பற்றிப் பேசிப் பேசி வாய் வலித்ததோ, அது நடந்துவிட்டது. அவன் தலையைத் தூக்கி, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தான்.

யாரும் பார்க்கவில்லை. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. கர்ணம், எட்டுப் பெரிய மனிதர்கள், பட்டுத்துண்டு சின்னதுரை எல்லோரும் குனிந்து கறியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பொன்னாயிகூடப் பரிமாறுகிற அவசரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அங்கமுத்து மட்டும் அவன் காலைப் பார்த்தான். கழுத்திலிருந்த குழந்தையை இறக்கிப் பந்தல் பக்கம் ஓட விட்டான். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கி முடித்து, தோளில் கிடந்த ஈரத்துண்டைப் பிழிந்து அவனிடம் நீட்டினான்.

"காலத் தொடச்சுக்கிட்டு வா. ரெண்டாம் பந்தியில ஒக்காருவோம்."